ஓங்கிலுக்கு மாட்டுக் கணக்குப் போடாதீர்கள்

மல்லிப்பட்டினம் பக்கம் ஓர் ஓங்கில் (டால்பின்) உயிரோடு கரை ஒதுங்கினால், வனத்துறையோடு வந்து நிற்கும் மருத்துவர் அநேகமாகப் பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்காரராகத்தான் இருப்பார். காலையில்தான் சினை ஊசி போட்டுவிட்டு வந்திருப்பார். கைத்திறமையில் குறையே கிடையாது, பழக்கம்தான் காலை வாரிவிடும். மாட்டுக்குக் கழுத்து நரம்பைத் தேடுகிற விரல் இங்கேயும் கழுத்துக்கே போகும். ஓங்கிலுக்குக் கழுத்தில் தடிமனான கொழுப்புதான் தட்டுப்படும். ரத்தம் எடுக்க வேண்டிய இடம் வால் துடுப்பின் அடிப்பக்கம். அங்கே ரத்தக்குழாய் ஓடும் தடம் லேசான பள்ளமாகத் தெரியும். அதில்கூட ஒரு சங்கதி உண்டு. உடல் சூடு கடலுக்குப் போய்விடாமல் இருக்க, தமனியைச் சுற்றிச் சிரைகள் பின்னிக் கிடக்கும். ஊசியில் வருவது பெரும்பாலும் இரண்டும் கலந்த ரத்தம். அதை வைத்து ஆக்சிஜன் அளவைப் பார்த்து, நுரையீரல் இப்படி என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

அதற்கும் முன்னால் ஒரு தவறு இருக்கிறது: எடுக்கவே கூடாத நேரத்தில் எடுப்பது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்வது இந்தக் கடற்பசுவைத்தான். வலையில் சிக்கிய ஆவுளியா தெம்பாக இருந்தால் வலையை அறுத்து விட்டுவிடுவதுதான் சரி. ‘கிடைத்த சான்ஸ், ஒரு டியூப் எடுத்துக்கொள்வோம்’ என்று கரைக்கு இழுத்தால், அந்தப் போராட்டத்திலேயே அதன் தசை சிதையும். ஓங்கிலும் ஆவுளியாவும் வனஉயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அனுமதி இல்லாமல் ஊசியை நீட்டினால் அது வழக்கு.

சரி, அனுமதி இருக்கிறது, ரத்தமும் எடுத்தாயிற்று. நான் பரிசோதனைக்கூடத்தில் இருப்பவன். ரத்த மாதிரி என் மேசைக்கு வருவதற்குள் பாதிக் கெடுதல் நடந்துவிடும். ஒருமுறை ஒரு டியூப் மீன் பெட்டியில், உடைத்த ஐஸுக்கு நடுவில் சங்கரா மீனோடு புதைந்து வந்தது. கொண்டுவந்த தம்பிக்கு நல்ல எண்ணம்தான். மீன் கெடாமல் இருக்க என்ன செய்வார்களோ, அதையே ரத்தத்துக்கும் செய்துவிட்டார். சுழற்றி எடுத்துப் பார்த்தால், இளமஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் பீட்ரூட் சாறு போல் நின்றது. ஐஸ் நேராகப் பட்டுச் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. உடைந்த அணுவுக்குள் இருந்த நொதிகள் வெளியே கசிந்து, ஈரலும் தசையும் கெட்டுப்போனது போல ஒரு பொய்க் கணக்கைக் காட்டும். டியூபைத் துணியிலோ பேப்பரிலோ சுற்றி, ஐஸ் மேல் படாமல் வையுங்கள். ஸ்பிரிட் தடவிய இடம் காயும்முன் குத்தினாலும், டியூபைப் பாட்டில் மருந்து போலக் குலுக்கினாலும் அணு உடையும். மெதுவாக எட்டுப் பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும்.

ஊதா மூடி டியூபைக் கடைசியில் நிரப்புங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அதில் இருக்கும் மருந்து பொட்டாசியம் உப்பு. ஒரு சொட்டு சிவப்பு மூடி டியூபுக்குப் போனாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். அப்புறம் தாமதம். அணுக்களைப் பிரிக்காமல் வைத்தால் அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மனித ரத்தத்திலேயே சாதாரண வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். பட்டுக்கோட்டையில் டீ குடித்து, ஒரத்தநாட்டில் பஸ் மாறி, சித்திரை வெயிலில் தஞ்சாவூர் வந்து சேரும் டியூபில் சர்க்கரை குறைவு என்று வந்தால், அது விலங்கின் பட்டினியா பயணத்தின் பட்டினியா என்று யாராலும் சொல்ல முடியாது. எடுத்த நேரத்தை டியூபின் மேலேயே எழுதிவிடுங்கள்.

எண்கள் வந்தபிறகு செய்யும் தவறுகள்தான் எனக்கு அதிகம் உறுத்துபவை. ஓங்கில் நாள் முழுக்க மீன் தின்னும் பிராணி. அதன் ரத்தத்தில் யூரியா நைட்ரஜன் 100 மில்லிக்கு 40, 50 மில்லிகிராம் இருப்பது சகஜம். மனுஷ அட்டவணையை வைத்துப் பார்த்தால் சிறுநீரகம் போய்விட்டது என்று எழுதத் தோன்றும். கடல்புல் மேயும் ஆவுளியாவுக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி கூடினால்தானே நாம் பயப்படுவோம்? ஓங்கிலில் அது சரிந்தால்தான் பயப்பட வேண்டும், நோய் முற்றுகிறது என்று அர்த்தம். ஆவுளியாவின் அமெரிக்கப் பங்காளியான மானட்டிக்குச் சிவப்பணு நம்முடையதைவிடப் பெரியது, எண்ணிக்கை குறைவு. மெஷின் அதை ரத்தசோகை என்று கொட்டை எழுத்தில் அடித்துத் தரும். அதன் வெள்ளணுக்களில் சிவப்பாகச் சாயம் ஏறும் துகள்கள் உண்டு. அதைப் பார்த்து ஒவ்வாமை, பூச்சித்தொல்லை என்று கிளம்பிவிடுவார்கள். ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் நம் கண்ணால் பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

நீர் வற்றிய விலங்கில் சிவப்பணு விகிதம் சரியாக இருப்பது போலவே தெரியும். நீர் ஏற்றிய மறுநாள் பார்த்தால்தான் சோகை வெளியே வரும். அதனால் புரதத்தையும் சேர்த்துப் பாருங்கள், முடிந்தால் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

செத்து ஒதுங்கியதன் இதயத்தில் இருந்து எடுத்துவந்து ‘சுகர், கிட்னி பாருங்க சார்’ என்பவர்களும் உண்டு. இறந்ததும் அணுக்கள் கசியத் தொடங்கிவிடும், அந்த எண்களுக்கு மதிப்பில்லை. மரபணு ஆய்வுக்கு வேண்டுமானால் உதவும். அதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா கிருமி மாட்டில் மட்டும் இல்லை, ஓங்கிலிலும் உண்டு.