மொட்டை மாடியில் கோடைக் கொட்டகை போடப் போகிறீர்களா?

சித்திரையில் கீற்றுக்கும் ஆளுக்கும் அலையாமல் மாசியிலேயே பேசி வைத்துவிடுங்கள். அதற்கு முன் ஒருநாள் மாலை 4 மணிக்கு மாடியில் நின்று வெயில் எப்படிச் சாய்ந்து அடிக்கிறது என்று பாருங்கள், மேற்குப் பக்கம் இடுப்பு உயரம் வரை தட்டி இறங்கினால்தான் உள்ளே உட்கார முடியும், மற்ற பக்கங்கள் காற்றுக்குத் திறந்தே இருக்கட்டும்.

சவுக்குக் கம்பு நடத் தளத்தில் மட்டும் துளை போடவே போடாதீர்கள்! எங்கள் வீட்டில் போட்டு, ஐப்பசி மழையில் படுக்கையறைச் சுவரெல்லாம் ஓதம். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கான்கிரீட் கொட்டிக் கம்பை நிறுத்தி, கைப்பிடிச் சுவரோடு இறுக்கிக் கட்டுங்கள்.

காய்ந்த கீற்று சின்னப் பொறிக்கே பற்றிக்கொள்ளும், அதனால் அடியில் அடுப்பு வேண்டாம். அப்புறம், ஆடிக் காற்றுக்கு முன்னால் பிரித்துவிடுங்கள்.