பழைய மாருதி 800: எந்த ஆயில் ஊற்றுவது, கசிவை எங்கே தேடுவது

மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் அதை விற்க மனசு வராமல் வைத்திருப்பவர்கள் எங்கள் மதுரைப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் கார்புரேட்டர் காலத்து வண்டிகள். இறங்கியதும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, அடியில ஆயில் சொட்டுது, கொஞ்சம் கெட்டி ஆயிலா ஊத்தி விடுங்க."

கெட்டி ஆயில் கசிவை அடைக்காது. சொட்டுவது கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஆயிலை எஞ்சினின் நிலைமை பார்த்து எடுங்கள். கசிவைத் தனியாகப் பாருங்கள்.

முதலில் ஆயில். கேனில் 20டபிள்யூ-40 என்று போட்டிருந்தால், முன் எண் குளிர்ந்த எஞ்சினில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, பின் எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. நம் ஊர் வெயிலில் இந்த வண்டிக்கு 20டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40 போதும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் 15 போட்டதையே எடுக்கலாம். தூரம் ஓடிவந்து சிக்னலில் நிற்கும்போது ஆயில் லைட் மினுக்குகிறது, அளவும் சரியாக இருக்கிறது, பிரஷர் சுவிட்சும் நன்றாக இருக்கிறது என்றால் எஞ்சின் தேய்ந்திருக்கிறது. அதற்கு 20டபிள்யூ-50 ஊற்றலாம். புது கார்களுக்கு வரும் 0டபிள்யூ-20 இதற்கு வேண்டாம்.

கேனில் போட்டிருக்கும் ஏபிஐ தரக் குறியீட்டில் 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு, 'சி' டீசலுக்கு. எஸ்எல், எஸ்என், எஸ்பி எது கிடைத்தாலும் சரி. ஒன்றைக் கவனியுங்கள்: கடையில் 20டபிள்யூ-40 கேட்டால் பைக் ஆயிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், எண் ஒன்றுதான் என்பதால். கேனில் ஜாசோ எம்ஏ என்று இருந்தால் அது பைக் கிளட்சுக்காகச் செய்தது, திருப்பிக் கொடுங்கள். மூன்று லிட்டர் கேன் வாங்கினால் ஃபில்டரோடு சேர்த்து மாற்றியும் கொஞ்சம் மிஞ்சும். மிச்சத்தையும் ஊற்றிக் காலி பண்ணாதீர்கள். அளவு மீறினால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரைத்துவிடும், நுரைத்த ஆயில் பேரிங்குக்குச் சரியாகப் போகாது.

சிந்தெடிக் ஊற்றினால் லீக் வரும் என்று ஒரு பயம் உண்டு. ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர்தான் சீல். சிந்தெடிக் நல்ல சீலைக் கெடுக்காது. காய்ந்து வெடித்த சீலைப் பல வருஷத்துக் கசடு அடைத்துக்கொண்டிருந்தால், அது கரைந்ததும் உள்ளே இருந்த விரிசல் வெளியே தெரிகிறது. இந்த வண்டிக்கு நல்ல மினரல் ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதே போதும் என்பது என் அபிப்பிராயம்.

இனி கசிவு. கேஸ்கட் (இரண்டு பாகம் சேரும் இடத்தில் வரும் பேக்கிங்) வாங்கப் போகும் முன், எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் மூச்சு விடுவது அந்த வழியாகத்தான். உள்ளே கறுப்புக் கசடு கட்டியிருந்தால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல், எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். அதைச் சுத்தம் செய்யாமல் எத்தனை சீல் மாற்றினாலும் வேறொரு இடத்தில் கிளம்பும். அப்புறம் எஞ்சின் சூடாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். லேசாகக் காற்று வந்தால் பயமில்லை. புகை நிற்காமல் குபுகுபு என்று வந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது, அது எஞ்சின் வேலை.

அடுத்து எஞ்சினைக் கழுவிக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் பவுடரில் ஈரக்கோடு தெரியும். ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்றில் பின்னாலும் போகும். அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரம் தெரியும் இடங்களில் எது மேலே இருக்கிறதோ அதைப் பிடியுங்கள்.

இந்த வண்டியில் எல்லோரையும் ஏமாற்றும் இடம், ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். அது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் ஓரத்தில், கியர்பாக்ஸ் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஓ-ரிங் கல் மாதிரி இறுகிப்போனால் ஆயில் மெல்ல வழிந்து எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். பார்ப்பவர்கள் பின்பக்க கிராங்க் சீல் என்று முடிவு செய்து கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்கள். முதலில் இந்தச் சின்ன ரப்பர் வளையத்தை மாற்றச் சொல்லுங்கள்.

டேப்பட் கவர் பேக்கிங் மாற்றும்போது பழைய ரப்பரைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, நட்டுக்கு அடியில் வரும் ரப்பர் வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள். ஓங்கி முறுக்கினால் தகடு வளைந்து கசிவு கூடும். கேஸ்கட் பேஸ்ட்டை அள்ளி அப்பும் பழக்கம் மோசம். உள்ளே பிதுங்கியது உடைந்து, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கும்.

பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர். புது ஃபில்டர் போடும் முன் பழைய ஃபில்டரின் ரப்பர் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு ரப்பர் சேர்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் பீய்ச்சியடிக்கும். ஃபில்டரைக் கையால் முறுக்கினால் போதும்.

டைமிங் பெல்ட் மாற்றும்போது கேம் சீல், முன்பக்க கிராங்க் சீல் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஆயிலில் ஊறிய பெல்ட் நடுவழியில் அறுந்துபோகும். தரையில் சொட்டே இல்லாமல் ஆயில் குறைந்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெரும்பாலும் வால்வு சீல்தான்.

இதெல்லாம் பார்த்த பிறகும் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டினால் மட்டும் பின்பக்க சீலுக்கு கியர்பாக்ஸை இறக்குங்கள். இறக்கும்போது கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுங்கள், அதற்கென்று இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டாம்.