ஒரே பிரிட்ஜில் இரண்டு இன்சுலின்

கல்லடியில் எங்கள் வீட்டில் சீனி வருத்தம் இரண்டு பேருக்கு, எனக்கும் எங்கள் நாய் ஜிம்மிக்கும். ஜிம்மிக்கு 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, சாப்பிட்ட கையோடு ஊசி. அதன் இன்சுலின் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு, என்னுடையது 100 அலகு.

ஒருநாள் கரண்ட் போன நேரம், டோர்ச் வெளிச்சத்தில் ஜிம்மியின் சிரிஞ்சை எடுத்து என் மருந்தை 10ஆம் கோடு வரை இழுத்துவிட்டேன். 10 கோடு என்றால் 10 அலகு என்றுதானே நினைப்போம், ஆனால் 40க்கான சிரிஞ்சில் அது கால் மில்லிலீற்றர், என் மருந்தில் 25 அலகு! "அம்மா, மூடி சிவப்பு" என்று மகள் கத்தியதால் தப்பினேன். அன்றிரவு நித்திரையே இல்லை. ஜிம்மிக்கு மாறிப் போயிருந்தால் அந்த வாயில்லாச் சீவன் யாரிடம் சொல்லும்?

அடுத்த நாளே பிரித்தேன். ஜிம்மியின் குப்பியும் சிவப்பு மூடி சிரிஞ்சும் ஐஸ்கிரீம் டப்பாவில் கீழ்த்தட்டில், செம்மஞ்சள் மூடியுள்ள என்னுடையவை மேல்தட்டில். பிரீசருக்குக் கிட்ட எதையும் வைப்பதில்லை, உறைந்தால் இன்சுலின் வீண். ஊசி போட்டதும் கலண்டரில் ஒரு கோடு, மகளும் நானும் மாறி மாறி இரண்டு தரம் போட்டுவிடாமல் இருக்க. பக்கத்தில் தேன் போத்தல். சீனி மட்டம் கூடக் குறைந்து ஜிம்மி தள்ளாடினால் முரசில் தடவிவிட்டு நேரே மிருக வைத்தியரிடம்.