'ஆயோ' என்ற ஒரு சொல்லும் ஒரு டஜன் ஆங்கில அர்த்தங்களும்: செபுவானோ அகராதி பார்க்கும் முறை

பிலிப்பைன்ஸின் தாவாவ் நகரத்தில் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு ஆங்கிலத்தில் நடந்துவிடும். வார்டுக்குள் போனதும் நிலைமை வேறு. நோயாளி, கூட வந்த அம்மா, வாசலில் நிற்கும் காவலர் எல்லோரும் பேசுவது பிஸாயா. செபுவானோ என்பது ஏட்டில் இருக்கும் பெயர். செபு, போஹோல், நெக்ரோஸின் கிழக்குப் பகுதி, லேய்த்தேயில் ஒரு பகுதி, மிண்டனாவோவில் பெரும்பகுதி என்று பரவிக் கிடக்கிற மொழி இது. பேசுகிறவர்கள் பிஸாயா என்றுதான் சொல்வார்கள்.

இந்த மொழியில் காலையில் எழுந்ததும் காதில் விழுவது ஒரே ஒரு வேர்ச்சொல்: ஆயோ. அகராதியில் தேடினால் குட், வெல், வெரி, ரிப்பேர், ஹீல், ஸ்கில்ஃபுல், கேர்ஃபுல்லி என்று வரிசையாகக் கொட்டும். அதை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். நான் பழகிக்கொண்ட வழி கீழே.

படி 1: ஒட்டுகளைக் கழற்றுங்கள்

செபுவானோ அகராதிகளில் நல்லவை எல்லாம் வேர்ச்சொல் வரிசையில் இருக்கும். வாசலில் கேட்ட 'ம-ஆயோங் புந்தாக்' (காலை வணக்கம்) என்பதை அப்படியே தேடினால் எதுவும் கிடைக்காது. கடைசியில் வரும் 'ங்' ஓர் இணைப்பு ஒலி. அடுத்த சொல்லோடு சேர்க்க வருவது. அதை எடுங்கள். முன்னால் நிற்கும் 'ம' பண்பைக் காட்டும் ஒட்டு. அதையும் எடுத்தால் மிஞ்சுவது ஆயோ.

இதே முறையில்: 'கி-ஆயோ' (பழுது பார்க்கப்பட்டது), 'ஆயோஹொன்' (பழுது பார்க்கப்படும்), 'ந-ஆயோ' (குணமாகிவிட்டது, சரியாகிவிட்டது), 'க-ஆயோஹான்' (நலன்). எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது அதே வேர்.

படி 2: எழுத்தை மாற்றித் தேடுங்கள்

பெரும்பாலானவர்கள் நின்றுபோகிற இடம் இது. எனக்கும் அதிக நேரம் பிடித்தது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் கையில் எப்போதும் இருப்பது ஜான் வுல்ஃப் தொகுத்து 1972-இல் வெளிவந்த செபுவானோ விசாயன் அகராதி. குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நிறைந்த அகராதி. அதற்கு நிகராக இன்னொன்றை நான் பார்க்கவில்லை. ஆனால் அதில் ஏ-ஒய்-ஓ என்று தட்டினால் நமக்கு வேண்டியது வராது.

காரணம் எளிது. செபுவானோவில் ஓவும் உவும் பொருளை மாற்றாத ஒலிகள். எயும் இயும் அப்படித்தான். வுல்ஃப் தன் அகராதி முழுவதும் ஏ, ஐ, யூ என்ற மூன்றே உயிரெழுத்துகளை வைத்துக்கொண்டார். தெருப்பலகையிலும் செய்தித்தாளிலும் ஓ என்று முடியும் சொல் அவரிடம் யூ என்று முடியும். ஆகவே ஏ-ஒய்-யூ என்று தேடுங்கள். பெண் என்று பொருள்படும் 'பபாயே' கூட அவரிடம் 'பபாயி' என்றுதான் இருக்கும்.

ஆகவே விதி: ஓவைக் கண்டால் யூ, ஈயைக் கண்டால் ஐ. அழுத்தக் குறிகளும் எழுத்தின் மேல் இருக்கும். சில உலாவிகளில் குறி இல்லாமல் தேடினால் சொல் அகப்படாது. அப்போது அகர வரிசைப்படி பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்ப்பதே வேகம்.

மொழிபெயர்ப்புச் செயலியில் ஒற்றைச் சொல்லைப் போட்டுப் பார்க்க வேண்டாம். முழு வாக்கியத்துக்கு அது ஓரளவு உதவும். ஆயோ போன்ற சொல்லைத் தனியாகக் கொடுத்தால் ஓர் அர்த்தத்தை மட்டும் நீட்டிவிட்டு மற்றதை மறைத்துவிடும்.

படி 3: ஆங்கிலத்தை விட்டுவிட்டு 'நல்ல' என்று வைத்துப் பாருங்கள்

இந்தப் பதிவை எழுதியதே இந்த ஒரு படிக்காகத்தான். ஆங்கிலம் இந்தச் சொல்லைப் பத்துத் துண்டாக வெட்டுகிறது. தமிழுக்கு அந்த வெட்டு தேவையே இல்லை. நம்முடைய 'நல்ல', 'நல்லா' இரண்டும் ஆயோவோடு கூடவே நடந்து வருகின்றன.

'ம-ஆயோ சியா மோகாந்தா': அவள் நல்லா பாடுவாள். ஆங்கில அகராதி இதற்குத் திறமை என்று தனிப் பொருள் எண் கொடுத்திருக்கும். நமக்கு அந்த எண்ணே வேண்டாம்.

'இனித் க-ஆயோ': நல்லா சூடா இருக்கு. ஆங்கிலத்தில் வெரி.

'ஆயோஹாக் பாசா': நல்லா பார்த்துப் படி. ஆங்கிலத்தில் கேர்ஃபுல்லி.

'ம-ஆயோ நா லாங்': நல்லவேளை. இதற்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமே எழுத வேண்டியிருக்கும்.

'ம-ஆயோ நா கோ': எனக்கு இப்போ நல்லாயிடுச்சு.

எங்கே 'நல்ல' நின்றுவிடுகிறதோ, அங்கே 'சரி' கை கொடுக்கும். 'கி-ஆயோ நியா அங் பிஸிக்லெதா': அவன் சைக்கிளைச் சரி பண்ணினான். 'நக்க-ஆயோ நா சிலா': சண்டை போட்டவர்கள் சரியாகிவிட்டார்கள், அதாவது சமாதானம் ஆகிவிட்டார்கள். நல்ல, சரி என்று இரண்டு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டால் அகராதியில் இருக்கும் பெரும்பாலான எண்களைக் கடந்துவிடலாம்.

விடைபெறும்போது சொல்லும் 'ஆயோ-ஆயோ'வும் இதற்குள்தான்: நல்லபடியா இரு, உடம்பைப் பார்த்துக்கோ.

படி 4: சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள்

தமிழோடு ஒத்துப்போகாத ஒரு விஷயம் வரிசை. நாம் 'நல்லா' என்பதை முன்னால் வைப்போம். அவர்கள் 'க-ஆயோ'வைப் பின்னால் வைப்பார்கள். 'சலாமத் க-ஆயோ' (ரொம்ப நன்றி), 'சகித் க-ஆயோ' (ரொம்ப வலி). பண்புச் சொல்லுக்குப் பின்னால் 'க-ஆயோ' வந்தால் அதற்கு 'ரொம்ப' என்பதைத் தவிர வேறு பொருள் தேட வேண்டாம்.

பழகிவிட்டதா என்று பார்க்க ஒரு வாக்கியம்: 'ம-ஆயோ க-ஆயோ அங் பக்க-ஆயோ ஸா பிஸிக்லெதா.' மூன்று ஆயோ. முதலாவது நல்ல, இரண்டாவது ரொம்ப, மூன்றாவது சரி பண்ணின விதம். சைக்கிளை ரொம்ப நல்லா சரி பண்ணியிருக்கிறார்கள். இதை ஆங்கிலம் வழியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே வேர் என்பதே தெரியாமல் போய்விடும்.

படி 5: வார்டில் தேவைப்படுவது

'ந-ஆயோ நா அங் சமாத்' என்றால் புண் ஆறிவிட்டது. 'டிலி பா ம-ஆயோ' என்றால் இன்னும் சரியாகவில்லை. 'மம-ஆயோ ரா கா' என்றால் உனக்குக் குணமாகிவிடும். படுக்கையில் இருக்கிறவருக்குச் சொல்ல வேண்டிய வாக்கியம், இதை மட்டும் உச்சரிப்போடு பழகிக்கொள்ளுங்கள். 'ந' என்று தொடங்கினால் நடந்து முடிந்தது, 'மம' என்று தொடங்கினால் இனி நடக்கப்போவது. நோயாளி முடிந்ததைச் சொல்கிறாரா, எதிர்பார்ப்பதைச் சொல்கிறாரா என்பது இந்த முதல் அசையில் இருக்கிறது. குறிப்பெடுக்கும்போது அதைத் தவறவிடக் கூடாது.

'அயாவ்' என்று காதில் விழுந்தால் அது வேறு சொல். வேண்டாம், செய்யாதே என்று பொருள். 'அயாவ் லிஹோக்' என்றால் அசையாதே.

பின்சேர்க்கை 1: குறுஞ்செய்தியில் வரும் 'காயோ' பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். கைபேசியில் 'க-ஆயோ'வைப் பலவிதமாகச் சுருக்கி அடிப்பார்கள். கே-ஏ-ஏ-யூ என்று வருவது அதிகம். கே-ஏ-ஒய்-ஓ என்றும் வரும். இந்த இரண்டாவது எழுத்துக்கூட்டில்தான் சிக்கல். பிலிப்பைன்ஸின் இன்னொரு மொழியான தகாலோகில் அது 'நீங்கள்'. செபுவிலோ நெருப்பைக் குறிக்கும் 'கலாயோ' லகரம் தேய்ந்து 'காயோ' ஆகிவிடும். முன்னால் பண்புச் சொல் இருந்தால் 'ரொம்ப' என்று எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அனுப்பியவரிடமே கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குச் செபுவானோ விக்கிப்பீடியாவைப் பார்க்கலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். வேண்டாம். 60 லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை சுவீடனைச் சேர்ந்த ஸ்வெர்கர் யோஹான்சன் உருவாக்கிய எல்எஸ்ஜேபாட் என்ற தானியங்கி எழுதியவை. ஊர், மலை, பூச்சி இனம் என்று ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். பேச்சு வழக்கு அங்கே கிடைக்காது. உள்ளூர்ச் செய்தித்தாளும் வானொலியும் மேல்.

பின்சேர்க்கை 3: விடுதி வாசலில் யாரோ 'அயோ…' என்று இழுத்துக் கூப்பிட்டால் பதற வேண்டாம். நம் காதுக்கு 'ஐயோ' மாதிரிதான் கேட்கும். வீட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும் மரியாதையான அழைப்பு அது. இதற்கு அகராதி பார்க்க வேண்டியதில்லை. உள்ளே வரச் சொல்ல 'தாயொன்' என்று பதில் கொடுத்தால் போதும்.