மலக்குழி மரணத்துக்கு 30 லட்சம்: எம்.பி.க்குக் கேள்வி எழுதிக் கொடுப்பது எப்படி

எம்.பி. ஒருவரிடம் பதினான்கு வருடம் உதவியாளராக இருந்தேன். பேச்சு அவருடையது. பேச்சுக்கு முன்னாலும் பின்னாலும் நகரும் காகிதமெல்லாம் என்னுடையது. இப்போது எம்.பி. அலுவலகங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் போன் செய்து, "அண்ணே, செப்டிக் டேங்கில் செத்தவங்களுக்கு இழப்பீடு கேட்டு சார் பேசணும்கிறார், நல்லா ஒரு ஸ்பீச் எழுதிக் குடுங்க" என்கிறார்கள். ஸ்பீச் கடைசி வேலை தம்பி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் நிறைய.

டெல்லிக்கு டிக்கெட் போடுவதற்கு முன் செத்தவர் வீட்டுக்குப் போங்கள். எங்களிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தொட்டியில் முதலில் இறங்கியவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க அவருடைய மச்சான் இறங்கினார். இரண்டு பேரும் வரவில்லை. முதலாமவரின் மனைவியிடம் ஒரு மஞ்சள் பை. அதில் ஆதார் நகலும், கான்ட்ராக்டர் ஒன்றரை லட்சம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய வெள்ளைத் தாளும் இருந்தன. எஃப்.ஐ.ஆர். நகல் இல்லை. "போலீஸ்ல குடுக்கலியா?" என்றேன். "எங்களுக்குக் குடுப்பாங்களா சார்?" என்றார்.

ஆகவே முதலில் சேர்க்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கான்ட்ராக்டர் எழுதி வாங்கிய தாள் இருந்தால் அதுவும். எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். வெறும் விபத்து என்றோ கவனக்குறைவு என்றோ எழுதியிருப்பார்கள். கையால் மலம் அள்ளும் தொழில் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013-ன் 7, 9 பிரிவுகள் இருக்காது. இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜெ) பிரிவும் வர வேண்டும். அது இல்லையென்றால் எஸ்.பி.க்கு எம்.பி.யின் கடிதம் அன்றைக்கே போகட்டும். நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தொகை விஷயத்தில் குழம்பாதீர்கள். 1993 முதல் கழிவுநீர்க் குழியிலும் தொட்டியிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27-ல் சொன்னது. 2023 அக்டோபர் 20-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனம் என்றால் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனத்துக்குக் குறைந்தது 10 லட்சம். அந்தத் தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது: பழைய சாவாக இருந்தாலும் இழப்பீடு இன்னும் கொடுக்கப்படவில்லை என்றால் இந்தப் புதிய தொகையே பொருந்தும். அந்த வரியை நகலெடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்மட்ட அலுவலகங்களில் பலருக்கு 10 லட்சத்தோடு நினைவு நின்றுவிட்டது.

இனி கேள்வி. இங்கேதான் நான் மூக்குடைபட்டுக் கற்றுக்கொண்டது. என் முதல் கேள்வியில், "கையால் மலம் அள்ளுவதால் எத்தனை பேர் இறந்தனர்?" என்று எழுதினேன். அப்படி எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று இரண்டே வரியில் பதில். எம்.பி. காகிதத்தை என் மேசையில் வைத்து, "என்னப்பா, நாட்டிலே யாருமே சாகலியாம்" என்றார். சட்டத்தில் கையால் மலம் அள்ளுபவர் என்பதற்கு ஒரு விளக்கம், அபாயகரமான சுத்திகரிப்பு என்பதற்கு வேறு விளக்கம். தொட்டிச் சாவுகளையெல்லாம் அரசு இரண்டாவதில்தான் எழுதும். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் இணை அமைச்சர் ராம்தாஸ் அதாவலே கையால் மலம் அள்ளியதால் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று பதில் சொன்னதும் நாடே கொதித்தது. எனக்குக் கோபத்தை விடப் பாடம்தான் பெரிதாகத் தெரிந்தது. கேள்வியில் ஒரு சொல் தவறினால் முந்நூறு பிணம் காணாமல் போகும்.

ஆகவே இப்படி எழுதுங்கள். "கழிவுநீர்க் குழாய்களையும் மலக்குழிகளையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்கையில் கடந்த ஐந்தாண்டுகளில் இறந்தவர் எத்தனை பேர், மாநில வாரியாக, ஆண்டு வாரியாக?" அடுத்த பகுதி: "அவர்களில் எத்தனை குடும்பங்களுக்கு 30 லட்சம், எத்தனைக்கு 10 லட்சம், எத்தனைக்குப் பகுதித் தொகை, எத்தனைக்கு ஒன்றுமே வழங்கப்படவில்லை?" அதற்கடுத்து: "வழங்கப்படாததற்குக் காரணம் என்ன, 2013 சட்டப்படி எத்தனை வழக்குகள், அவற்றில் எத்தனை தண்டனைகள்?" மொத்தம் 150 சொல்லுக்குள் அடங்க வேண்டும். "அரசு நடவடிக்கை எடுத்து வருகிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எடுத்து வருகிறது என்றுதான் பதில் வரும். எண்ணைக் கேட்டால் எண்தான் வர வேண்டும்.

கேள்வி யாருக்கு? சாக்கடை என்றதும் நகர்ப்புற அமைச்சகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். இயந்திரம் வாங்கினார்களா என்று கேட்பதற்கு அது சரி. இழப்பீட்டுக்கு சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மாநில விவகாரம் என்று கேள்வியைத் தள்ளுபடி செய்யும் ஆபத்தும் உண்டு. மத்தியச் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் முதல் வரியிலேயே போட்டுவிட்டால் அந்த வாசல் அடைபடும். நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் குறிப்பிட்ட வழக்கைத் தொடாதீர்கள். நக்கல், அடைமொழி எதுவும் கேள்வியில் கூடாது, மக்களவை நடைமுறை விதி 41 அப்படி.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாக் கேள்விகள். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். கௌரவம்தான். ஆனால் குலுக்கலில் வர வேண்டும், வந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்விக்கு மேல் எட்டாது. என் கட்சி நட்சத்திரமில்லாக் கேள்வி. எழுத்தில் பதில், பின்னிணைப்பாக மாநில அட்டவணை. கலெக்டர் மேசையில் வைக்க அந்த அட்டவணைதான் உதவும். 15 முழு நாட்கள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும், அமைச்சகத்துக்கு வாரத்தில் ஒரு நாள்தான் முறை என்பதையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

பூஜ்ய நேரத்தில், அதாவது கேள்வி நேரத்துக்குப் பிறகு உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் நேரத்தில், பேசினால் டிவியில் வரும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். எங்கள் எம்.பி. முதல் தடவை தொகுதி மக்களுக்கும் தலைவருக்கும் நன்றி சொல்லி முடித்து, "அந்தத் தொட்டியில்" என்றபோது மைக் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு முதல் வாக்கியத்திலேயே ஊர், தேதி, எத்தனை பேர் என்று எழுதினேன். இரண்டாவதில் வராத தொகை. மூன்றாவதில் கோரிக்கை. நன்றி கடைசியில், நேரம் இருந்தால். தமிழில் பேசுவதென்றால் மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, ஒரு பிரதியும் கொடுங்கள். கான்ட்ராக்டர் பெயரை அவையில் சொல்ல ஆசை வரும். உறுப்பினருக்குப் பாதுகாப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் முன்னறிவிப்பில்லாமல் ஒருவர் மீது குற்றம் சுமத்தினால் அவைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள், அத்தோடு உங்கள் முக்கியமான வாக்கியமும் போகும். மக்களவை விதி 377-ல் 250 சொல் எழுத்தாகக் கொடுத்தால் அமைச்சகம் எழுத்தில் பதில் அனுப்பும். நான் அதை அதிகம் நம்புவேன்.

தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத எம்.பி. தானே கொண்டுவரும் மசோதா, கொண்டுவரலாமா என்பார்கள். சுதந்திரத்துக்குப் பின் சட்டமானவை 14 மட்டும், கடைசியாக 1970-ல். கஜானாவிலிருந்து பணம் போகும் மசோதா என்றால் குடியரசுத் தலைவரின் பரிந்துரையும் வேண்டும். அதற்காக வீண் என்று ஒதுக்க மாட்டேன். தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015-ல் மாநிலங்களவை நிறைவேற்றியது, அதன் பிறகே அரசு தன் மசோதாவோடு வந்தது. ஆனால் மஞ்சள் பையோடு நிற்கும் பெண்ணுக்கு அவ்வளவு காலம் இல்லை.

பலர் தவறவிடுவது ஒன்று. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அந்த வாக்கியம் நாடாளுமன்ற நடைமுறைப்படி உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால், அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கைக் கண்காணிக்கும் அரசு உறுதிமொழிக் குழு விடாது. பதில் வந்த தேதியிலிருந்து மூன்று மாதத்தைக் குறித்து வைத்து, அதற்கடுத்த நாள் குழுவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் அப்படிப் போட்ட கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

எங்களுக்கு அட்டவணை வந்தது. அதில் எங்கள் மாநிலத்தின் வரியில், பணம் கிடைக்காத குடும்பங்களின் எண்ணிக்கையை அடிக்கோடிட்டு, தீர்ப்பின் அந்தப் பக்கத்தையும் சேர்த்து, எம்.பி.யின் கடிதத்தோடு மாவட்ட நிர்வாகத்திடம் கொடுத்தோம். கடிதத்தில் அந்த மஞ்சள் பைக் குடும்பத்தின் வாரிசுச் சான்று எண் முதல் எல்லாம் இருந்தது. "கான்ட்ராக்டர் குடுத்துட்டாரே" என்றார் ஓர் அதிகாரி. அந்த வெள்ளைத் தாளையும் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் படித்தார். அதற்கிடையில் அந்தப் பெண் என்னிடம் மெதுவாக, "ஐயா பேசுனதை டிவில பாத்தேன் சார். இங்க எந்த செக்‌ஷனுக்குப் போகணும்னு மட்டும் சொல்லுங்க, இனிமே நானே வந்து கேட்டுக்கிறேன்" என்றார். செக்‌ஷன் பெயர், கோப்பு எண் இரண்டையும் கடித நகலின் மேல் எழுதிக் கொடுத்தேன்.

அவர் கணவருக்கான பணம் ஏழு மாதத்தில் வந்தது. மச்சானுக்கு வரவில்லை. அவர் சுத்தம் செய்யப் போகவில்லை, காப்பாற்றப் போனார், ஆகவே தொழிலாளி இல்லை என்று கோப்பில் எழுதியிருந்தார்கள். அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வியில் புதிதாக ஒரு பகுதி சேர்த்தேன்: "தொட்டிக்குள் விழுந்தவரை மீட்க இறங்கி இறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை குடும்பங்களுக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது?"