காது வடியும் நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதில் சீழ் வடிவதை நம் ஊரில் பலர் ஒரு நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, சளி பிடித்தால் வரும், சொட்டு மருந்து விட்டால் நின்றுவிடும் என்று பத்து இருபது வருடம் ஓட்டிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டு அறிக்கை, உலகெங்கும் 6.5 கோடி முதல் 33 கோடிப் பேர் வரை காது வடிந்தபடி வாழ்வதாக மதிப்பிட்டது. அவர்களில் 60 சதவீதம் பேருக்குக் காது கேட்பதும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கு மேல் இந்த நோய் உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருந்தது.

எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா வகை மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மற்றபடி, பெரும்பாலானவர்களிடம் இந்த நோய் அன்றாட வாழ்க்கையில்தான் கை வைக்கிறது. தலைக்குக் குளிக்கப் பயம். வீச்சம் அடிக்குமோ என்று பஸ்ஸில் ஒருவர் பக்கத்தில் உட்காரத் தயக்கம். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசினால் பாதி புரியாமல் சிரித்துச் சமாளிப்பது. சிகிச்சை பலன் தந்ததா என்று தெரிய வேண்டுமானால் இதையெல்லாம் அளக்க வேண்டும். காது மூக்கு தொண்டைத் துறையில் ஆய்வேட்டுக்காகவோ துறைத் தணிக்கைக்காகவோ இதற்கான கேள்வித்தாள்களைக் கையில் எடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்ட விதம் சரியில்லை என்றால், கிடைத்த மதிப்பெண்ணை வைத்து என்ன புள்ளியியல் செய்தும் பயனில்லை.

ஆடியோகிராமே போதும் என்று விட்டுவிடுவது

செவிப்பறை ஓட்டையை அடைத்தாயிற்று, காது உலர்ந்துவிட்டது, காற்று வழியாகக் கேட்பதற்கும் எலும்பு வழியாகக் கேட்பதற்கும் உள்ள இடைவெளி 20 டெசிபெலுக்குள் வந்துவிட்டது. அறுவை சிகிச்சை வெற்றி என்று கோப்பை மூடிவிடுகிறோம். ஆடியோகிராம் தேவைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஒலி புகாத அறையில், ஒவ்வொரு அதிர்வெண்ணாக, எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று பார்க்கும் சோதனை. சீழின் வீச்சம், காதுக்குள் கேட்கும் இரைச்சல், தலைசுற்றல், மனச்சோர்வு எதுவும் அந்த வரைபடத்தில் வராது. ஆடியோகிராமையும் கேள்வித்தாள் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டவர்கள் பொதுவாகக் கண்டதும் வலுவான தொடர்பை அல்ல.

இதற்கு ஒரு காரணம் எளிமையானது: மனிதருக்கு இரண்டு காது. அமைதியான இடத்தில் பேச்சைக் கேட்க நல்ல காதே பெரும்பாலும் போதும். வலது காதில் அறுவை செய்து 25 டெசிபெல் மீட்டுக் கொடுத்தாலும், இடது காது முன்பே நன்றாக இருந்தவர் வீட்டுப் பேச்சில் பெரிய வித்தியாசத்தை உணராமல் போகலாம். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிவதும், இரைச்சலான இடத்தில் பேச்சு பிடிபடுவதும் மேம்பட்டிருக்கும். அதைத் தனியாகக் கேட்டால்தான் வெளியே வரும். இரண்டு காதும் வடிகிறவருக்குக் கணக்கே வேறு. நாம் அறுவை செய்வது ஒரு காதில், கேள்வித்தாள் விசாரிப்பதோ முழு மனிதரை. மறு காதின் நிலையைப் பதிவு செய்யாமல் முன்பின் மதிப்பெண்ணை ஒப்பிட்டால், "சிகிச்சை பலனில்லை" என்ற பொய்யான முடிவுக்கு வந்துவிடலாம்.

பொதுக் கேள்வித்தாளை மட்டும் நம்புவது

எஸ்எஃப்-36, ஈக்யூ-5டி போன்றவை எந்த நோய்க்கும் பயன்படும். ஈக்யூ-5டியின் ஐந்து கூறுகளைப் பாருங்கள்: நடமாட்டம், தன்னைக் கவனித்துக்கொள்ளுதல், வழக்கமான வேலைகள், வலி அல்லது அசௌகரியம், பதற்றம் அல்லது சோர்வு. கேட்கும் திறன் பற்றி நேரடியாக ஒரு வரிகூட இல்லை. பத்து வருடம் காது வடிந்தவர் இதில் கிட்டத்தட்ட ஆரோக்கியமானவராகத் தெரிய முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்வி கொண்ட வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளுக்கு வேறொரு பெருமை உண்டு. அதற்கு அடிப்படையான பெரிய கேள்வித்தாளை உலகின் 15 மையங்களில் ஒரே நேரத்தில் உருவாக்கினார்கள், அவற்றில் சென்னையும் ஒன்று. நம் மக்களிடம் கேட்டு எழுந்த கருவி என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம். ஆனாலும் காதுக்கென்று அது எழுதப்படவில்லை. வேறு நோய்களோடு ஒப்பிடவும் செலவுக் கணக்கு போடவும் பொதுத்தாள் வேண்டும். கூடவே காதுக்கான தாள் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

காதுக்கான தாள்கள் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த குரோனிக் இயர் சர்வேயில் 13 கேள்விகள். பிரிட்டனில் உருவான காம்க்யூ-12இல் 12, சூரிச் நகரத்துப் பட்டியலான இசட்சிஎம்இஐ-21இல் 21. இங்கே அடிக்கடி நடக்கும் பிழை திசைக் குழப்பம். குரோனிக் இயர் சர்வேயில் மதிப்பெண் கூடினால் நல்லது. காம்க்யூ-12இலும் சூரிச் பட்டியலிலும் கூடினால் மோசம். இரண்டு தாளைச் சேர்த்து ஆய்வு செய்கிறவர்கள் அட்டவணையின் தலைப்பிலேயே இதை எழுதி வைத்துவிடுங்கள்.

மருத்துவமனைக்கு வராததை நலம் என்று எண்ணுவது

இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் தாள்களில் எத்தனை முறை டாக்டரைப் பார்த்தீர்கள், எத்தனை முறை மருந்து எடுத்தீர்கள் என்ற பகுதி உண்டு. குறைவாக வந்தால் நோய் குறைவு என்பது அதன் எண்ணம். நினைத்தவுடன் டாக்டரைப் பார்க்க முடிகிற நாட்டில் அது ஓரளவு பொருந்தும். ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, காலையிலேயே ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியவர் வராமல் இருப்பதற்குக் காது நன்றாக இருப்பது காரணம் அல்ல. கடையில் ஒரு பாட்டில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டிருப்பார். அவருடைய மதிப்பெண் மட்டும் அழகாக வரும்.

நேர் எதிரான சிக்கலும் இருக்கிறது. கொலஸ்டியடோமாவுக்காகக் காதுக் குழியின் பின்சுவரை எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பில் செய்யும் அறுவைக்குப் பிறகு, உள்ளே உண்டான குழிவை அவ்வப்போது வந்து சுத்தம் செய்துகொள்ள வேண்டும். சொன்னபடி தவறாமல் வரும் நல்ல நோயாளிக்கு இந்தப் பகுதியில் மோசமான மதிப்பெண் விழும். அதனால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் வெளியிடாதீர்கள். அறிகுறி, கேட்டல், மனநிலை, மருத்துவப் பயன்பாடு என்று பகுதி பகுதியாகக் காட்டுங்கள். வராததற்கு என்ன காரணம் என்று தாளின் ஓரத்திலாவது ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

காது கேட்காதவரிடம் சத்தத்துக்கு நடுவே கேள்வி கேட்பது

படிக்கத் தெரியாத நோயாளிக்குக் கேள்விகளை வாசித்துக் காட்டுகிறோம். எங்கே? ஓபி கூடத்தில், பெயர் கூப்பிடும் சத்தத்துக்கும் குழந்தை அழுகைக்கும் நடுவில், முகக்கவசம் போட்டுக்கொண்டு. அவருக்குக் கேட்பதில்லை. கூட வந்த மகன், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், குளிச்சாதான் வரும்" என்று பதில் சொல்லிவிடுகிறார். நாம் அதை எழுதிக்கொள்கிறோம். வீட்டில் டிவி சத்தம் கூடியிருப்பது மகனுக்குத் தெரியும். அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசுவதையே நிறுத்திவிட்டது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அமைதியான அறை வேண்டும். முகம் தெரியும்படி, அவருக்கு நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டும். கூட வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லலாம். அப்புறம், அறுவை செய்த டாக்டர் கேட்கவே கூடாது. "எப்படிம்மா இருக்கு?" என்று அவரே வந்து நின்றால், "நல்லா இருக்குங்க டாக்டர், நீங்க பண்ணதுக்கு என்ன குறை" என்றுதான் பதில் வரும். அது மரியாதை, அளவீடு ஆகாது. சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர் கேட்கட்டும். அறுவைக்கு முன் வாசித்துக் காட்டியிருந்தால் பின்னரும் வாசித்தே காட்ட வேண்டும். ஒரு முறை நேரில், மறு முறை போனில் என்றால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

கேள்விகளை அப்படியே தமிழாக்குவதும் ஆபத்து. நீந்துவதற்கு முடிகிறதா என்று கேட்டால், வாழ்நாளில் நீந்தாத ஒருவர் "தொந்தரவு இல்லை" என்றே சொல்வார். அவரிடம் தலைக்குக் குளிப்பதைக் கேட்க வேண்டும், வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிட்டாரா என்று கேட்க வேண்டும். ஆனால் கேள்வியை நாமாக மாற்றிவிட்டுப் பழைய பெயரிலேயே மதிப்பெண் போடுவதும் தவறு. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, சில நோயாளிகளிடம் "இந்தக் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று விசாரித்து, பிறகு நம்பகத்தன்மையைச் சோதித்துத்தான் பயன்படுத்த வேண்டும். மூலத்தை உருவாக்கியவர்களிடம் அனுமதியும் கேட்க வேண்டும்.

எப்போது கேட்பது

அறுவைக்கு முன் கேட்காமல் விட்டுவிட்டு, பிறகு கிளாஸ்கோ பெனிஃபிட் இன்வென்ட்டரியால் சரிக்கட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த 18 கேள்வித் தாள் சிகிச்சைக்குப் பின் வந்த மாற்றத்தையே நேராகக் கேட்கும், −100 முதல் +100 வரை மதிப்பெண் தரும். பயனுள்ளதுதான். ஆனால் அது முழுக்க நினைவை நம்பியது. ஆறு மாதத்துக்கு முன் எப்படி இருந்தோம் என்பதை இன்றைய நிலைமையை வைத்தே எல்லோரும் நினைவுகூர்கிறோம். முதல் நாளே ஒரு தாளை நிரப்பி வைப்பதற்கு அது ஈடாகாது.

அறுவை முடிந்த இரண்டாவது வாரத்தில் கேட்பது இன்னொரு பிழை. காதுக்குள் வைத்த பஞ்சு அப்போது முழுதும் நீங்கியிருக்காது, கேட்பது முன்பைவிடக் குறைவாகக்கூட இருக்கும். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் கேளுங்கள். திரும்பி வராதவர்களை மறந்துவிட்டு, வந்தவர்களின் சராசரியை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பேர் வரவில்லை என்பதும் முடிவில் ஒரு பகுதி. விடுபட்ட பதிலுக்குப் பூஜ்யம் போடுவது இன்னும் மோசம். காம்க்யூ-12இல் பூஜ்யம் என்றால் தொந்தரவே இல்லை என்று அர்த்தம்.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் தாளைக் கொடுக்கக் கூடாது. நடுக்காதுத் தொற்று உள்ள குழந்தைகளுக்காக 1997இல் வந்த ஓஎம்-6 என்ற ஆறு கேள்வித் தாள் இருக்கிறது. பெற்றோர்தான் பதில் சொல்வார்கள். பள்ளிக்குப் போகும் வயது என்றால் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பதில்களை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கணினியில் ஏற்றும்போதுதான் பார்ப்பது, எல்லாவற்றிலும் எனக்கு அதிக வருத்தம் தரும் தவறு. காம்க்யூ-12இல் காது நோயால் மனம் சோர்ந்து போகிறதா என்ற கேள்விக்கு ஒருவர் 5 என்று வட்டமிட்டிருந்தால், அதுதான் அந்த அளவுகோலின் உச்சம். தாளை வாங்கிய சிஸ்டரோ மாணவரோ அன்றைக்கே, அவர் ஓபியை விட்டுப் போவதற்குள், அதைப் படித்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்து, தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துக் கூடவே ஆள் அனுப்ப வேண்டும்.