கரிக்கோச்சியை அன்றாடச் சேவையில் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் தெமட்டகொடை ரயில் கொட்டகையில் இருக்கும் பழைய நீராவி எஞ்சின்களை, அதாவது கரிக்கோச்சிகளை, எப்போதாவது வரும் சிறப்புப் பயணங்களுக்கு மட்டும் வெளியே எடுக்காமல், நேர அட்டவணையில் உள்ள சாதாரண வண்டி ஒன்றில் பூட்டி ஓட்ட வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன். 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டியை இழுத்தது நீராவிதான். அந்தச் சத்தம் உல்லாசப் பயணிக்கு மட்டுமல்ல, சீசன் டிக்கெட்டில் போகிறவருக்கும் கேட்க வேண்டும். முடியாத காரியமும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பயணிகளை இன்றும் நீராவி எஞ்சின்தான் மலையேற்றுகிறது. போலந்தின் வொல்ஷ்டினில் வேலைக்குப் போகிறவர்கள் சாதாரண டிக்கெட்டில் நீராவி வண்டி ஏறுகிறார்கள்.

சரி, இங்கே எங்கே தவறுகிறோம்? டீசல் எஞ்சினை மனதில் வைத்துக்கொண்டு நீராவிக்குத் திட்டம் போடுகிறோம். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தில் கனடா தந்த எம்2 வகை டீசல் எஞ்சின்கள் 1954இல் வரத் தொடங்கின. எழுபது வருடமாக அந்தப் பழக்கத்தில் ஊறிவிட்டோம்.

முதலாவது, காலை ஏழு மணி வண்டிக்கு விடியற்காலையில் நெருப்பு மூட்டினால் போதும் என்று நினைப்பது. ஆறிப்போன கொதிகலனுக்கு முந்தின நாளே சின்ன நெருப்பு வைத்து, மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். நெருப்புப் பெட்டியும் குழாய்களும் வெளிக்கூடும் ஒரே வேகத்தில் விரிவதில்லை. அவசரப்படுத்தினால் பொருத்துகள் தளர்ந்து ஒழுகத் தொடங்கும். அந்த ஒழுக்கை அடைக்கும் வேலை வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் இரவு முறையில் எஞ்சினுடன் ஆள் இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளமும் இருக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். என்னைக் கேட்டால் இதுதான் மிகப் பெரிய தவறு. கரியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முன்பெல்லாம் பெரிய நிலையங்களில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் தூண்கள் தயாராக நின்றன. இப்போது பெரும்பாலும் பவுசரை, அதாவது தண்ணீர் லொறியை, நம்ப வேண்டியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நான் போன ஒரு சிறப்புப் பயணத்தில் ஏற்பாடு செய்த பவுசர் நேரத்துக்கு வரவில்லை. ஒன்றரை மணி நேரம் ஓரப் பாதையில் நின்றோம். சுற்றுலாவில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பின்னால் ஆறு வண்டிகள் காத்து நிற்கும் பிரதான பாதையில் பொறுக்க முடியாது. எஞ்சின் தண்ணீர் எடுக்க குறைந்தது இரண்டு இடங்களாவது நேர அட்டவணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் நீலகிரிப் பாதையில் அப்படியான நிறுத்தங்களும் பயணத்தின் ஒரு பகுதி.

தண்ணீரின் தரமும் அதே அளவுக்கு முக்கியம். கரையோரத்துக் கிணற்றில் கிடைப்பதை நிரப்பினால் உப்பும் படிவும் கொதிகலனுக்குள் சேரும். தண்ணீர் நுரைத்துப் பொங்கி, நீராவியோடு சிலிண்டருக்குள் போய்விடும். நீராவி அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஒரே ஒரு தள்ளலில் சிலிண்டர் மூடி உடைந்துபோகலாம். எனவே தண்ணீரைச் சோதிப்பது, மருந்து சேர்ப்பது, குறித்த இடைவெளியில் கொதிகலனைக் கழுவுவது எதையும் தள்ளிப்போடக் கூடாது. உள்ளே தண்ணீர் மட்டம் குறைவதோ உயிராபத்து. நெருப்புப் பெட்டியின் கூரை நீருக்கு வெளியே வந்தால் அதிலுள்ள ஈய அடைப்பு உருகி எச்சரிக்கும். சாதாரண அழுத்தத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 1,700 லீற்றர் நீராவியாக விரிகிறது. கொதிகலன் வெடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

மூன்றாவது, கூட்டம் பார்க்கட்டும் என்று கரையோரப் பாதையின் காலை அலுவலக வண்டியில் பூட்டுவது. பாணந்துறையிலிருந்து கொழும்புக் கோட்டை வரை அடிக்கடி நின்று நின்று போகும் வண்டி அது. ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் சட்டென்று வேகமெடுக்க வேண்டும். பழைய எஞ்சின் அதில் பின்தங்கும். பிந்துகிற பயணி அந்த எஞ்சினை வெறுக்கத் தொடங்குவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வண்டி, நிறுத்தம் குறைவான பாதை, வழியில் எங்கோ தயாராக நிற்கும் ஒரு டீசல் என்று தொடங்குவதுதான் புத்தி.

பெட்டிகளையும் பார்க்க வேண்டும். பழைய எஞ்சின்கள் வெற்றிடப் பிரேக்குக்கு அமைந்தவை. காற்றுப் பிரேக் மட்டும் உள்ள புதிய பெட்டிகளை அவற்றோடு அப்படியே இணைக்க முடியாது. போய்ச் சேரும் இடத்தில் எஞ்சினைத் திருப்பச் சுழல்மேடை இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள், பின்பக்கமாக ஓட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். கரி விஷயத்தில் ஒன்று: மின் நிலையத்துக்கு இறக்கும் கரியை வாங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது பொடியாக அரைத்து எரிப்பதற்கானது. எஞ்சினில் நெருப்பு எரியும் கம்பித் தட்டுக்குக் கட்டிக் கரி வேண்டும்.

ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கவலை வந்துவிடுகிறது. நெருப்புக்குக் கரி போடும் ஓய்வுபெற்ற ஒரே ஒரு ஃபயர்மேனை நம்பி ஒரு சேவையை நடத்துவது பெரிய தவறு. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கரி போடும் கை, புகைபோக்கியில் வரும் புகையின் நிறத்தைப் பார்த்தே நெருப்பின் நிலையைச் சொல்லும் கண், ஏற்றம் வருமுன் தண்ணீரை ஏற்றி வைக்கும் நிதானம் எல்லாம் பக்கத்தில் நின்று பழகினால்தான் வரும். அவர் இருக்கும்போதே இரண்டு, மூன்று இளைஞர்களை அவருடன் அனுப்புங்கள். கொதிகலன் வேலை, உருக்கி வார்க்கும் வேலை தெரிந்த இரத்மலானை ரயில் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். பிரித்தானியாவில் பாரம்பரிய எஞ்சின்களைப் பொதுவாக 10 வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் பிரித்துப் பார்க்கிறார்கள். ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டால், ஒரு எஞ்சினுக்காக இன்னொன்றைக் கழற்றும் நிலைதான் வரும்.

நடைமேடையில் ஆட்கள் நெருங்கி நிற்கும்போது சிலிண்டர் வடிகுழாயைத் திறக்கவே கூடாது, கொதிநீராவி கால்களில் அடிக்கும். படம் எடுக்க வெள்ளவத்தையில் தண்டவாளத்தில் இறங்குகிறவர்களைத் தடுக்கவும் ஆள் வேண்டும்.

அப்புறம், வண்டி வந்து சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். சாம்பலை இறக்க வேண்டும், புகைப் பெட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும், கொதிகலன் தானாக ஆற விட வேண்டும். சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரை விட்டுக் கழுவக் கூடாது. பயணிகள் வீட்டுக்குப் போன பிறகு நடக்கும் அந்த மணிக்கணக்கான வேலையையும் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.